மலைச்சரிவில் மண் நிற்க எதைப் போடுவது: வெட்டிவேரா, நார் வலையா, புல்லா, சுவரா?

நீலகிரியில் மனை வாங்கி வீடு கட்டுகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. தளம் எடுக்க மண்ணை வெட்டியாகிவிட்டது, வீட்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்துக்குச் செம்மண் திறந்து கிடக்கிறது. குன்னூர், கோத்தகிரி பக்கமென்றால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கும், கூடலூர், பந்தலூர் பக்கமென்றால் ஜூனிலேயே தென்மேற்கு வந்துவிடும். அதற்குள் அந்தச் சரிவின்மேல் எதைப் போட்டு மூடுவது? நர்சரியில் கேட்டால் ஒரு செடியைச் சொல்வார்கள், கொத்தனாரைக் கேட்டால் சுவர் என்பார், பக்கத்து வீட்டுக்காரர் புல் பதித்திருப்பார். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் எல்லாம் எல்லாச் சரிவுக்கும் பொருந்தாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே பொருளை வைத்து இதைத் தீர்க்க முயலாதீர்கள். முதல் மழைக்கு ஒரு மூடாக்கு வேண்டும், பிறகு வரும் வருடங்களுக்கு ஒரு வேர் வேண்டும், இரண்டுக்கும் முன்னால் தண்ணீர் போக ஒரு வழி வேண்டும். கையில் இருக்கிற காசை இந்த மூன்றுக்கும் எப்படிப் பிரிப்பது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

செடிகளுக்குப் போவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். மேல்மண் கரைந்து ஓடுவது ஒன்று, சரிவே மொத்தமாக நகர்ந்து இறங்குவது வேறொன்று. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் இறங்கி 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. அந்த மாதிரி மழையில் ஆழமான செம்மண் முழுக்கத் தண்ணீர் குடித்துக் கனத்து, அடியில் இருக்கும் பாறையோடு அதற்கு இருக்கும் பிடி தளர்ந்து இறங்குகிறது. எந்தப் புல்லும் எந்த வலையும் அதைத் தடுக்காது. ஆகவே சரிவின் உச்சியில் வளைவாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தாலோ, மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, சரிவின் அடி உப்பி வெளியே தள்ளியிருந்தாலோ, இதற்கு முன் இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியிருந்தாலோ நர்சரிக்குப் போகாதீர்கள். மண் பொறியியல் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள், மழை வலுத்தால் அந்தப் பக்கத்து அறையில் யாரும் தூங்க வேண்டாம். இந்தக் கட்டுரை அந்த அறிகுறிகள் இல்லாத, மேல்மண் மட்டும் கரைகிற சரிவுகளுக்கு.

இன்னொன்று தண்ணீர். பெரிய மழைத்துளி வினாடிக்கு ஒன்பது மீட்டர் வேகம் வரை விழுகிறது. வெறும் மண்ணில் அது மோதிச் சிதறடிக்கிற துகள்தான் அரிப்பின் தொடக்கம். அதை எந்த மூடாக்கும் தடுத்துவிடும், காய்ந்த இலைகூடப் போதும். ஆனால் மேலே இருக்கும் ரோட்டிலிருந்தோ, அடுத்தவர் கூரையிலிருந்தோ ஒரே இடத்தில் திரண்டு வரும் தண்ணீர் இருக்கிறதே, அது வேறு சமாசாரம். ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகிறது. வருகிற தண்ணீரை உச்சியிலேயே ஒரு வாய்க்கால் வெட்டிப் பக்கவாட்டில் திருப்பாமல், சரிவில் என்ன நட்டாலும் அதை அடித்துக்கொண்டு போகும். அந்த வாய்க்காலை மண்ணாக விடாமல் கல்லோ சிமென்டோ வைத்து முடித்து, தண்ணீர் கடைசியில் அடுத்தவர் சரிவில் போய் விழாமல் ஓடை வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள். செலவில் முதல் பங்கு இதற்குத்தான் என்பது என் பிடிவாதமான கருத்து. உச்சி வாய்க்காலும் கூரைத் தண்ணீருக்குக் குழாயும் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிற வீடுகள் இருக்கின்றன.

சரி, இப்போது மூடாக்குகள்.

மழைக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதலில் கைக்கு வருவது நீலத் தார்ப்பாய். புதிதாக வெட்டிய சரிவை ஒரு புயல் தாண்டும்வரை காப்பாற்ற அது சரிதான். ஆனால் தார்ப்பாயின்மேல் விழும் ஒரு சொட்டு கூட மண்ணுக்குள் இறங்காமல் முழுவதும் கீழ் ஓரத்தில் போய்க் கொட்டும், அந்த இடத்தில் குழி பறிக்கும். அடியில் வாய்க்கால் இல்லாமல் தார்ப்பாய் விரிப்பதில் அர்த்தமில்லை. மாதக்கணக்கில் விட்டால் அதற்குள் எதுவும் முளைக்காது, வெயிலில் நைந்து துண்டு துண்டாகப் பறக்கும். வைக்கோல், இலைச்சருகு போடுவதும் இதே மாதிரி அவசரத்துக்கு ஆகும், மென்மையான சரிவில் மிக நன்றாகவே வேலை செய்யும், செங்குத்தான சரிவில் முதல் கனமழையிலேயே கீழே வந்து சாக்கடையை அடைக்கும். மேலே வலை போட்டுப் பிடித்தால்தான் அங்கே நிற்கும்.

வலை என்று வரும்போது எனக்கு மிகவும் நம்பிக்கையான பொருள் தென்னை நார் வலை. பொள்ளாச்சி நமக்குப் பக்கத்தில் இருக்கிறது, நார்க்கயிற்றைப் பெரிய கண்ணிகளாக நெய்த சுருள்கள் அங்கே கிடைக்கின்றன. அரசு ஆவணங்களில் இதற்கு ‘கயிர் பூவஸ்திரா’ என்று பெயர். சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என்ற எடைகளில் வருகிறது. மென்மையான சரிவுக்கு 400 போதும், வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்ணுக்கு 700, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்துக்கு 900 என்று நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் நாரில் லிக்னின் என்ற, எளிதில் மக்காத பொருள் அதிகம் என்பதால் மெதுவாகத்தான் மக்கும், இரண்டு மூன்று வருடம் தாங்கும். சணல் வலை விலையில் குறைவாக இருக்கலாம், ஆனால் ஏறக்குறைய ஒரே வருடத்தில் மக்கிவிடும், நீலகிரி ஈரத்தில் அதற்குள் செடி முழுதாகப் பிடித்திருக்காது. பிளாஸ்டிக் வலை மக்கவே மக்காது, பாம்பும் தவளையும் சிக்கும், பத்து வருடம் கழித்தும் மண்வெட்டியில் மாட்டும். வீட்டுச் சரிவுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

நார் வலை வாங்குவதைவிட அதை விரிப்பதில்தான் பலர் சொதப்புகிறார்கள். முதலில் சரிவில் நீட்டிக்கொண்டிருக்கும் கற்களையும் வேர்க்கட்டைகளையும் எடுத்து, பள்ளங்களைத் தட்டி நிரப்பிச் சமன் செய்ய வேண்டும். உச்சியில் ஒரு அடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, வலையின் முனையை அதற்குள் மடக்கிப் புதைத்து மண்ணை மிதித்து இறுக்க வேண்டும். அப்புறம் சுருளை மேலிருந்து கீழாக உருட்ட வேண்டும், குறுக்காக அல்ல. அடுத்தடுத்த பட்டைகள் அரையடியாவது ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். மூங்கில் முளையோ வளைத்த கம்பியோ மூன்றடிக்கு ஒன்றாக அடித்து, வலை எல்லா இடத்திலும் மண்ணைத் தொடும்படி இறக்க வேண்டும். தொடாமல் தொங்கினால் தண்ணீர் வலைக்குக் கீழே தன் வழியில் ஓடும், நீங்கள் வெளியில் பார்க்க அழகான வலை இருக்கும், உள்ளே மண் போய்க்கொண்டிருக்கும். விதையை வலை விரிப்பதற்கு முன்னால் தூவிவிடுங்கள், நாற்றை விரித்த பிறகு கண்ணிகளுக்கு இடையில் நடுங்கள். வலை இரண்டு மூன்று வருடத்துக்கான அவகாசம்தான், அந்த நேரத்துக்குள் வேர் இறங்கவில்லை என்றால் பணம் போனதுதான்.

வேர் என்றால் வெட்டிவேர். இதைப் பற்றிப் புகழ்ந்து பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது, ஆனாலும் புகழ் நியாயமானதுதான். கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டை பக்கத்து விவசாயிகள் வரப்பு ஓரத்தில் வெட்டிவேர் வரிசை வைப்பதைப் பல தலைமுறைகளாகச் செய்துவந்திருக்கிறார்கள், 1980களில் உலக வங்கியில் வேலை செய்தவர்கள் அதைப் பார்த்து மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோனார்கள். வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்குகிறது, நல்ல மண்ணில் மூன்று மீட்டர் வரைகூடப் போகும். சாதாரணப் புல்லின் வேர் அரையடி, ஒரு அடி என்று நிற்கும்போது இது மண்ணின் மேலடுக்கை அடியடுக்கோடு சேர்த்துத் தைக்கிறது. தண்டுகள் நெருக்கமாக வளர்ந்து வேலியாகி, ஓடிவரும் தண்ணீரை வேகம் குறைத்து வடித்துவிடும், அதிலிருக்கும் வண்டல் வரிசைக்கு மேல்பக்கம் தங்கும். சில வருடத்தில் ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் சிறிய படி தானாகவே உருவாகிவிடும். தென்னிந்தியாவில் வளர்க்கப்படும் வகை பூத்தாலும் முளைக்கும் விதை கொடுப்பதில்லை என்பதால் அடுத்த தோட்டத்துக்குக் களையாகப் பரவும் பயமும் இல்லை.

ஆனால் வெட்டிவேர் தரையை மூடாது. இது பலருக்குப் புரிவதில்லை. இரண்டு வரிசைக்கு நடுவில் இருக்கும் மண் திறந்தபடிதான் இருக்கும், அங்கே துளி விழுந்து சிதறுவது நிற்காது. ஆகவே வெட்டிவேரை மட்டும் நட்டுவிட்டு மண் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வரிசைக்கு நடுவில் நார் வலையோ, சருகோ, தாழ்வாகப் படரும் செடியோ கூடவே வேண்டும். நிழலும் அதற்கு ஆகாது. சீகை (வாட்டில்) மரங்களோ கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களோ கவிந்திருக்கும் சரிவில் வெட்டிவேர் நலிந்துபோகும். உறைபனி விழும் ஊட்டிப் பள்ளங்களில் மேலே இருக்கும் இலை கருகிவிடும், வேர் பிழைக்கும், ஆனால் வளர்ச்சி மிகவும் மெதுவாக இருக்கும். குன்னூர், கோத்தகிரி உயரத்தில் பிரச்சினை குறைவு, கூடலூர், மேட்டுப்பாளையம் இறக்கம் என்றால் நன்றாகவே வரும்.

எவ்வளவு வாங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பத்து மீட்டர் அகலம், மேலிருந்து கீழாக ஆறு மீட்டர் நீளம் உள்ள சரிவு என்று வையுங்கள். ஒன்றரை மீட்டருக்கு ஒரு வரிசை என்றால் நான்கு வரிசை, மொத்தம் நாற்பது மீட்டர். 10 செ.மீ. இடைவெளியில் ஒரு நாற்று வைத்தால் 400 நாற்று. இடைவெளியை 15 செ.மீ. ஆக்கினால் 270 போதும், ஆனால் வேலி அடைய கூடுதல் காலம் ஆகும். நாற்று என்பது இரண்டு மூன்று தூர்கள் சேர்ந்தது, மேல் இலையை ஒரு சாணுக்கும் வேரை அரைச் சாணுக்கும் வெட்டிவிட்டு நட வேண்டும். வரிசை சம உயரத்தில் ஓட வேண்டும் என்பது முக்கியம். கண்ணால் பார்த்துப் போடாதீர்கள், கொத்தனாரின் டியூப் லெவலை (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வாங்கிப் புள்ளி வையுங்கள். ஒரு முனை தாழ்ந்துவிட்டால் தண்ணீர் வரிசையோடு வழிந்து அந்த முனையில் திரண்டு ஓட்டையிடும், வரிசையே வாய்க்காலாக மாறிவிடும். குன்னூர் பக்கத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் நட்டால் வடகிழக்கு வருவதற்குள் மூன்று நான்கு மாதம் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். செப்டம்பர் கடைசியில் நட்டுவிட்டு நவம்பரில் மண்ணைப் பிடிக்கச் சொல்வது அந்தச் செடிக்கு நியாயமில்லை, அந்த வருடத்தை நார் வலையிடம் விட்டுவிடுங்கள்.

கிக்கூயு புல்லைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டும். கென்யாவிலிருந்து வந்த புல் இது, நீலகிரிக் குளிரில் வெறித்தனமாகப் படரும், சில மாதங்களிலேயே தரையை முழுதாக மூடிவிடும், மாடும் தின்னும். மேல்மண் அரிப்பை மட்டும் வைத்து மதிப்பிட்டால் இதற்கு முதல் வரிசையில் இடம் கொடுக்கலாம், வீட்டுப் பக்கத்தில் சிறு சரிவில், நாலு பக்கமும் சிமென்ட் நடைபாதை சூழ்ந்திருக்கும் இடத்தில் போடுவதில் எனக்கு ஆட்சேபமும் இல்லை. ஆனால் சோலைக்கும் புல்வெளிக்கும் பக்கத்தில் மனை இருந்தால் தயவுசெய்து வேண்டாம். ஒரு கணுத் துண்டு போதும், தன் பாய்க்குள் இயல்பான மலைப்புற்களை மூச்சுத் திணறடித்துவிடும். அதோடு அதன் பிடிப்பு பெரும்பாலும் மேலாகத்தான். செங்குத்தான வெட்டில் கனமழையில் நனைந்து கனத்து, பாய் சுருண்டு விழுவதுபோல மேல்மண்ணோடு சேர்ந்து இறங்கிவிடும். தரையை மூடுவதற்குக் கிக்கூயு, பிடிப்பதற்கு வேறொன்று என்று பிரித்தால் சரியாக வரும்.

வெடிலியா என்ற மஞ்சள் பூ படர்செடியும் இதே கதைதான், அழகாக இருக்கிறது, ஒரு தண்டை வீசினாலும் வேர் விடுகிறது, அதனால்தான் நர்சரிகள் கூசாமல் கொடுக்கின்றன. ஆனால் அது பல நாடுகளில் பரவிக் கெடுக்கும் செடியாக அறியப்பட்ட ஒன்று. அதற்குப் பதிலாக, உறைபனி இல்லாத உயரங்களில், படர்கிற அலங்கார நிலக்கடலையைக் கேட்டுப் பாருங்கள். நம் கடலையின் உறவுதான், காய்க்காக இல்லாமல் தரைமூடியாக வளர்க்கிறார்கள். காற்றிலிருந்து நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும், ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாது, வெட்ட வேண்டிய தொல்லை குறைவு. பிடிக்க ஆறேழு மாதம் எடுக்கும் என்பதுதான் குறை. வெட்டிவேர் வரிசைகளுக்கு நடுவில் இதை நடுவது எனக்குத் தெரிந்த மிக நல்ல ஜோடி.

எலுமிச்சைப் புல்லையும் மறக்க வேண்டாம். வெட்டிவேர் அளவுக்கு ஆழமில்லை, ஆனால் தூர் கட்டி அடர்த்தியாக நிற்கும், வருடத்துக்குப் பல முறை அறுத்து உபயோகிக்கலாம். இலங்கை மலையகத்தில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுநடவு செய்வதற்கு முன்னால் குவாத்தமாலா புல்லையோ மானா புல்லையோ ஒன்றரை, இரண்டு வருடம் வளரவிட்டு மண்ணைத் தேற்றுவார்கள். அறுத்த புல் அப்படியே மூடாக்காகக் கிடக்கும். பெரிய நிலம் வைத்திருப்பவர்களுக்கு, முக்கியமாகக் கேரட், உருளைக்கிழங்கு போட்டுப் போட்டு மேல்மண் தேய்ந்துபோன சரிவுகளுக்கு, இந்த முறை வீட்டுத் தோட்டத்து யோசனைகளைவிடப் பொருத்தமானது. காய்கறிச் சரிவில் பாத்திகளைச் சரிவோடு மேலிருந்து கீழாக இழுத்துவிட்டு ஓரத்தில் மட்டும் புல் நட்டால் பலன் இல்லை, பாத்தியைக் குறுக்காகத் திருப்புவதுதான் முதல் வேலை.

தேயிலையே நல்ல தரைமூடிதானே என்று கேட்பார்கள். வளர்ந்து கவிந்த தேயிலை, ஆமாம், மிகவும் நல்லது. ஆனால் நட்ட முதல் இரண்டு மூன்று வருடமும், கவாத்து வெட்டிய பிறகும் தரை திறந்துதான் கிடக்கும். வீட்டுக்குப் பின்னால் பத்தடி வெட்டில் தேயிலை நடுவது அதனால் எனக்குச் சரியாகப் படவில்லை. மரங்களைப் பொறுத்தவரை, வெட்டிய சரிவின் முகத்தில் பெரிய மரம் வேண்டாம். சீகைக்கு வேர் மேலாகத்தான் ஓடுகிறது, காற்றில் ஆடி ஆடிக் கடைசியில் வேரோடு சாய்ந்தால் ஒரு லாரி மண்ணையும் கூடவே கொண்டுவரும். உள்ளூர்ப் புதர்ச்செடிகளும் குட்டை மரங்களும் சரிவின் அடிப்பக்கத்திலும், உச்சியிலிருந்து தள்ளியும் இருக்கட்டும்.

ஊட்டி உயரத்தில் நிலம் இருப்பவர்களுக்கு இன்னொரு யோசனை. அங்கே இயல்பாகவே கொத்துக் கொத்தாக வளரும் மலைப்புற்கள் இருக்கின்றன, அவற்றில் சில வெட்டிவேரின் பேரினத்தையே சேர்ந்தவை. பனியும் காற்றும் அவற்றுக்குப் பழக்கம். நாற்று கிடைப்பது கடினம், வளர்ச்சியும் மெதுவாக இருக்கும், ஆனால் கீழே நார் வலை இருக்கும்வரை காத்திருக்க முடியும். சோலைப் புல்வெளி மீட்புப் பணி செய்பவர்களிடம் கேட்டு நாற்று வாங்குங்கள், காட்டில் போய்ப் பிடுங்கிவராதீர்கள், அது குற்றமும்கூட.

கடைசியாகச் சுவர். சரிவு 45 பாகைக்கு மேல் இருந்தால், அதாவது ஒரு அடி உள்ளே போக ஒரு அடிக்கு மேல் உயர்ந்தால், வெறும் செடியை நம்பக் கூடாது. ஒன்று, மேலே இடம் இருந்தால் சரிவை வெட்டிச் சாய்வைக் குறைக்க வேண்டும், இரண்டு அடிக்கு ஒரு அடி என்ற சாய்வு கிடைத்தால் மேலே சொன்ன எல்லாமே எளிதாகிவிடும். இடம் இல்லையென்றால் அடியில் தடுப்புச் சுவர் எழுப்பி, அதற்கு மேல் இருக்கும் பகுதியைச் செடிக்கு விட வேண்டும். சுவர் இடிவதற்குப் பெரும்பாலும் காரணம் மண்ணின் எடை மட்டுமல்ல, பின்னால் தேங்கும் தண்ணீரும்தான். ஆகவே சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, முகத்தில் தண்ணீர் கசிய வரிசையாகக் குழாய்த் துளைகள் விட்டு, அந்தத் துளைகளை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிமென்ட் பூசி அழகாக்குகிறேன் என்று துளைகளை மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தடுத்து நிறுத்துங்கள். கம்பிக் கூடைக்குள் கல் அடுக்கும் முறையில் தண்ணீர் தானாகவே கசிந்துவிடும், சிறிது அசைந்தாலும் உடையாது, அதனால் ஈரம் அதிகமான சரிவின் அடிக்கு எனக்கு அதுதான் பிடித்தது. சரிவு முழுவதையும் சிமென்டால் பூசி மூடுவது மட்டும் வேண்டாம், உள்ளே ஊறும் தண்ணீருக்கு வெளியேற வழி இல்லாமல் போய்விடும். நெடுஞ்சாலை ஓரங்களில் இப்போது நீளமான இரும்புக் கம்பிகளைச் சரிவுக்குள் செலுத்தி, மேலே வலை விரித்து, விதையும் உரமும் கலந்த கூழைப் பீய்ச்சியடிக்கிறார்கள். நல்ல முறை, ஆனால் வீட்டுச் செலவுக்கு அடங்காது. அதில் கவனிக்க வேண்டியது, அங்கேயும் கம்பி, வலை, செடி என்று மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

இவ்வளவு சொன்ன பிறகு, குன்னூர் உயரத்தில், நல்ல வெயில் படும், 30 பாகை அளவில் சாய்ந்த, வெடிப்பு எதுவும் இல்லாத ஒரு வீட்டுச் சரிவுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதுதான்: மே மாதத்துக்குள் உச்சி வாய்க்கால், ஜூனில் 700 கிராம் நார் வலை, அதன் கண்ணிகளில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு வெட்டிவேர் வரிசை, நடுவில் படர் நிலக்கடலை. நிழல் சரிவென்றால் வெட்டிவேருக்குப் பதில் வலையின் எடையைக் கூட்டி, பெரணிகளையும் நிழல் தாங்கும் உள்ளூர்ப் புதர்களையும் நெருக்கமாக வைப்பேன். காசு கொஞ்சம்தான் என்றால் வாய்க்காலையும் வெட்டிவேரையும் வைத்துக்கொண்டு, வலைக்குப் பதில் சருகையும் வெட்டிய புல்லையும் மூங்கில் குச்சிகளைக் குறுக்கே கட்டிப் பிடித்து வைப்பேன், மழைக்காலம் முழுக்க அதைத் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டியிருக்கும்.

முதல் வருடம் ஒவ்வொரு கனமழைக்கும் பிறகு குடையை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போங்கள். வரிசையில் எங்காவது நாற்று செத்து இடைவெளி விழுந்திருந்தால் தண்ணீர் முழுக்க அந்த இடைவெளியைத்தான் தேடி வரும், ஆகவே ஐம்பது நாற்றைத் தனியாகத் தொட்டியில் வளர்த்து வைத்திருந்து அதே வாரத்தில் நட்டுவிடுங்கள். வாய்க்காலில் விழுந்த இலையை அள்ளுங்கள், கழன்ற முளையை மறுபடி அடியுங்கள். வெட்டிவேரை வருடத்துக்கு இரண்டு முறை முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டால் பக்கத்தில் புதிதாகத் தூர் வெடித்து வேலி சீக்கிரம் அடையும், அறுத்த இலையை வரிசைக்கு மேல்பக்கமே பரப்பிவிடலாம்.